மரக்கப்பல் ஒன்று கட்டினோம்



நம் பள்ளி நூலகத்தின் கண்ணாடிப் பேழையில் இரண்டு பாய்மரங்களுடைய சிறு மரக்கப்பல் ஒன்று நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அதனைக் கட்டிய முறையை ஒரு பாடமாக எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டனர். கட்டிய முறையை எழுதப் புகுந்தால் கெடுத்த முறையையும் எழுதியே ஆகவேண்டும்.

நம் பழைய மாணவர் ஒருவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பணிபுரிகிறார். அவர்தாம் மாதிரிக் கப்பல் கட்டுவதற்குரிய பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொணர்ந்தார். பெட்டியின் மேலட்டையில் கப்பல் அலைகளைக் கிழித்துக்கொண்டு சென்றது. உள்ளே திறந்து பார்த்தாலோ விறகு! ஒட்டுப்பலகைத் துண்டுகள், தென்னையீர்க்கைவிடச் சற்றே தடித்த நீண்ட மரக்கீற்றுகள், நூற்கண்டுகள், நெல்மணியளவு கப்பிகள், மடித்த வரைபடம் ஒன்று. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிருவர் சூழ நின்று நோக்கினர். நானும் அவர்களைப் போலவே அன்று முதல் வகுப்பு மாணவன்தான். ஆனால் அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாணவி, "ஐயா, இதுதான் ரஜூலாவா?" என்று கேட்டாள். சுங்கை வேயில் அப்பெயர் இன்னும் மறையவில்லை. இங்கே ரப்பர்த் தோட்டமும் ஈய வயலும் இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் உள்ளன. நம் பள்ளி தோட்டப் பள்ளி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது, தோட்டந்தான் இல்லை. ஆயினும் நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய கதை வீடுகளில் வழங்கி வருகிறது. அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972ஆம் ஆண்டு போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. ரஜூலா, 1926இல் கட்டப்பெற்ற நீராவிக் கப்பல். மேல்தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்குமேல் ஏற்றிச் செல்ல இடமிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி, 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஓய்வு பெற்றது. அஃது இரும்புக் கப்பல், புகைபோக்கி உடையது. நம் பெட்டியில் இருந்ததோ பாய்மரக் கப்பல்.

எனினும் அம்மாணவியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. தமிழர் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்றின் வரலாற்றைக் கூறினேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற அக்கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். வேப்பமரம் கொண்டு கட்டப்பெற்றது, ஏறத்தாழ 90 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள். ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். சூயசுக் கால்வாய் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் குளோசுடர் துறைமுகத்தை அடைந்தது. வேப்பமரம் அமெரிக்கா சென்றதா என்று பிள்ளைகள் வியந்தனர். நம் பெட்டிக் கப்பல் ஐரோப்பிய நாட்டுக் கப்பல் ஒன்றின் மாதிரியே. ஆயினும் இரண்டு பாய்மரம் இருந்தது போதும் என்று கூறி, கட்டத் தொடங்குமுன்பே அதற்கு அன்னபூரணி எனப் பெயரிட்டுவிட்டனர்.

முதலில் கணக்கு. நம் மாதிரி, ஐம்பதில் ஒரு பங்கு அளவினது. 90 அடி என்பது ஏறத்தாழ 27 மீட்டர். அதனை 50ஆல் வகுத்தால் 54 சென்டிமீட்டர். அப்படியானால் 140 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவன் இக்கப்பலில் நின்றால் எவ்வளவு உயரம் இருப்பான்? 2.8 சென்டிமீட்டர். அந்த அளவில் அட்டையில் ஓர் உருவம் வெட்டி வைத்துக்கொண்டோம். படிக்கட்டு, கைப்பிடி எதைப் பொருத்தினாலும் அவனை அருகில் நிறுத்திச் சரிபார்த்தோம். இஃது எந்த வரைபடமும் சொல்லாத உத்தி. ஒரு மாணவனின் யோசனை.

கப்பலின் முதுகெலும்பு ஏரா எனப்படும். அதன் குறுக்கே விலா எலும்புகள்போல் நிற்பவை வங்குகள். முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். இச்சொற்களை மனத்தில் இருத்துங்கள். கப்பல் என்னும் சொல்லே தமிழிலிருந்து மலாய் மொழிக்குச் சென்று 'காப்பால்' என வழங்குகிறது.

ஏராவை வெட்டியெடுத்ததும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் படுக்கவைத்துப் பாருங்கள். எங்கேனும் ஒளி புகுந்தால் அது வளைந்துள்ளது என்று பொருள். நனைத்துப் பாரம் ஏற்றி நிமிர்த்திய பின்னரே மேற்செல்லவேண்டும். வங்குகளைப் பொருத்துகையில் ஒவ்வொன்றுக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. பசை காய்ந்தபின், அணியத்தையும் அமரத்தையும் அடுத்துள்ள வங்குகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்கவேண்டும். கீற்று அவ்விடங்களில் சாய்ந்து செல்லுமாதலின் விளிம்பும் சாய்ந்திருந்தால்தான் முழுமையாகப் படியும். ஒரு கீற்றைப் பசையின்றி வளைத்துவைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தல் நன்று. இதற்கு எமக்கு மூன்று வாரம் ஆயிற்று. பார்ப்பதற்கு ஒன்றும் நடவாததுபோல் இருக்கும் வேலை இது; பிள்ளைகளில் நால்வர் இங்கேயே விலகிப் பூப்பந்தாட்டத்திற்குச் சென்றுவிட்டனர். அவர்களை நான் குறைகூறவில்லை.

அடுத்து, கீற்று ஒட்டுதல். அரைமணி நேரம் நீரில் ஊறிய கீற்றை, வெந்நீர் நிறைந்த பாத்திரத்தின் வயிற்றில் மெல்ல அழுத்தினால் வளைந்து கொடுக்கும். உலர்ந்ததும் வெள்ளைப் பசை தடவி, மேல்தளத்தின் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி ஒட்டி, துணி காயவைக்கும் கவ்விகளால் பிடித்துவைக்கவேண்டும். கப்பலின் நடுப்பகுதி பருத்தது, அணியம் ஒடுங்கியது. ஆதலின் கீற்றுகளை அணியத்தருகில் சீவிக் குறுக்கவேண்டும். ஆனால் பாதி அகலத்திற்கும் கீழே குறுக்கினால் அது நிற்காது.

இங்கேதான் நான் தவறினேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் சென்றபின் தனியே அமர்ந்தேன். கைவந்த ஊக்கத்தில் இடப்பக்கத்திலேயே அடுத்தடுத்து ஐந்து கீற்றுகளை ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், மூலைமட்டம் வைத்து நிறுத்திய கப்பலின் அணியம் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றது. வளைத்த கீற்று நிமிரவே முயலும். நிமிரும்போது அணியத்தைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கம் பிடித்திழுக்கக் கீற்று ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். கப்பலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பசை இன்னும் காயவில்லை என்று பிள்ளைகளிடம் கூறினேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ மாணவர்களின் அழித்தெழுதிய ஏடுகளைக் கண்டித்திருக்கிறேன். என் ஏட்டை மட்டும் மறைத்தேன். மூன்றாம் நாள் அந்த மாணவி, ரஜூலாவைப் பற்றிக் கேட்டவள், "ஐயா, உடைந்துவிட்டதா? உடைந்திருந்தாலும் பார்க்கலாமா?" என்றாள். அலமாரியைத் திறந்தேன்.

எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவள் தன் பாட்டனாரை அழைத்துவந்தாள். தோட்டம் இருந்த காலத்தில் தச்சு வேலை பார்த்தவர் அவர். கப்பலைக் கையிலெடுத்து ஒரு கண்ணை மூடி ஏராவின் வழியே நோக்கினார். "பெரிய வாத்தியார் ஐயா, கூரைக்கு வரிச்சல் அடிச்சாலும் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னுதான் அடிப்போம்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. கையோடு வேலையையும் காட்டினார். ஈரத்துணியைக் கீற்றுகளின்மேல் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டால் வெள்ளைப் பசை இளகும். மெல்லிய கத்தியை உள்ளே செலுத்தி நெம்பவேண்டும். ஐந்தில் மூன்று முழுதாக வந்தன. இரண்டு முறிந்தன. ஏராவை மீண்டும் நிமிர்த்தி, பலகையில் இருபுறமும் கட்டைகள் முடுக்கி அசையாது நிறுத்தினோம். அதன்பின் வலம் ஒன்று, இடம் ஒன்று.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பாடா என்று ஒரு பெற்றோர் வினவினார். இந்தோனேசியாவின் போரோபுதூர்க் கோயிலில் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கப்பற் சிற்பங்கள் உள்ளன. அவற்றைக் கண்டு முதலில் ஒரு சிறு மாதிரிதான் செய்தனர். அம்மாதிரியைக் கொண்டு 2003இல் மெய்யான கப்பலைக் கட்டினர். அது 2004இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டை அடைந்தது. இதனை அவரிடம் கூறினேன். அடுத்த சனிக்கிழமை அவரும் மணல்தாளோடு வந்து அமர்ந்தார்.

எஞ்சியவை எளியவை, நேரந்தான் வேண்டும். பாய்மரத்தை நுனி நோக்கி ஒடுங்கத் தேய்த்தல், குறுக்குக் கழியாகிய பருமல்களைக் கட்டுதல், நூலுக்குத் தேன்மெழுகு பூசிப் பிசிறு அடக்குதல் ஆகியன. பாய்மரத்தை நிறுத்தும் கயிறுகளை முதலிலும், பாயை இயக்கும் கயிறுகளைப் பின்னரும் கட்டவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். கயிறு கட்டுவதில் என் விரல்கள் தடித்துத் தோற்றன; மாணவிகள் இருவரே அனைத்தையும் முடித்தனர்.

அவ்வாண்டின் இறுதிப் பள்ளி நாளன்று அமரத்தில் 'அன்னபூரணி' என்று தமிழில் எழுதினோம். பேழையில் கப்பலைக் காண்போர் இடப்பக்கம், மேலிருந்து மூன்றாம், நான்காம் கீற்றுகளை உற்றுநோக்குக. அவை மட்டும் சற்று வெளிறியிருக்கும். முறிந்தவற்றுக்கு மாற்றாக அப்பாட்டனார் ரப்பர் மரத்தில் இழைத்துக் கொடுத்தவை அவை.