தெளிந்த நீரும் தூய நீரும்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் குடிப்பதற்கு உரியதன்று. நோய்க்கிருமிகளும், பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடும் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே, 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊர்தோறும் பெண்கள் ஐவர் நீரைச் சோதிக்கப் பயிற்சி பெறுகின்றனர்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் வேண்டும், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது. மிகுந்தால் பல்லும் எலும்பும் கெடும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும், ஃபுளூரைடோ நீங்காது. அளவு மீறினால் அதனை ஏட்டில் குறித்தல் மட்டும் போதாது; அக்குழாயை மூடி, வேறு நீர் வழங்குதல் வேண்டும்.

வினாக்கள்
1. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாதது ஏன்?
2. கொதித்த நீரிலும் எஞ்சும் தீங்கு யாது?
3. பிரித்து எழுதுக: அக்குழாய்