கைத்தொழிலும் வாணிபமும்
(இல்லத்திலிருந்தே தொழில் தொடங்க விழைவோர்க்கு ஒரு பாடம்)

ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்கள் அசி, மசி, கிருஷி, வித்தை, சிற்பம், வாணிபம் என்பன. இவற்றுள் சிற்பம் என்பது கைத்தொழில். வாணிபம் என்பது கொண்டும் கொடுத்தும் பொருளீட்டுதல். இரண்டும் ஒன்றெனக் கருதப்படாமல் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

தையல், அப்பளம் இடுதல், பொம்மை செய்தல் முதலிய ஏதேனும் ஒரு திறன் இல்லாத இல்லம் அரிது. அத்திறனைக் கொண்டு சிறுதொழில் தொடங்கலாம் என்ற எண்ணம் பலர்க்கும் தோன்றுவதும் இயல்பே. ஆயினும் தொடங்கியவர் பலர் ஓரிரு ஆண்டுகளில் கைவிட்டு விடுகின்றனர். திறன் குறைந்ததாலன்று, திறனையே வாணிபமென எண்ணியதால்தான். இவ்வேறுபாட்டை விளக்க, விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைச் சான்றாகக் கொள்வோம்.

1. கைத்திறன் நம்முடையது, சூளை பொதுவானது

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் உடையது. அண்மையிலுள்ள நெய்வேலிப் பகுதியில் வெண்களிமண் கிடைப்பது இங்குப் பீங்கான் தொழில் வளர்ந்தமைக்கு ஒரு முதற்காரணம். அகல்விளக்குகள், பொம்மைகள், மின் இணைப்புக்குரிய ஃபியூஸ் கட்டைகள் எனப் பலவகைப் பொருள்கள் இவ்வூரில் உருவாகின்றன.

செய்முறை அறிந்துகொள்ளத் தக்கது. களிமண்ணோடு படிகக்கல் தூளும் ஃபெல்ஸ்பார் தூளும் சேர்த்து, நீர்விட்டுக் கூழாக்குவர். அக்கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண் ஒரு சுவர்போலப் படியும். வேண்டிய கனம் வந்ததும் எஞ்சிய கூழை வடித்துவிட்டு, சற்று இறுகியபின் பொருளை வெளியே எடுத்து, விளிம்பைச் சீவி, நிழலில் உலர்த்துவர். இதுவரை உள்ள பணிகளுக்குச் சில அச்சுகளும், ஒரு திண்ணையும், பழகிய கையுமே போதும்.

அடுத்துள்ள சுடுதல்தான் இடர் மிகுந்தது. பீங்கான் இறுகுவதற்கு ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அத்தகைய சூளையைக் கட்டுவதும், கட்டியபின் வெறுமையாய் விடாது நிரப்பி எரிப்பதும் ஒரு குடும்பத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. சிறு உற்பத்தியாளர்க்கு மூலப்பொருளும் சூளை வசதியும் பொதுவில் கிடைக்கச் செய்யும் பொருட்டே விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில் மையம் நிறுவப்பட்டது. வார்த்து உலர்த்திய பொருளைக் கொண்டு சென்று, கட்டணம் செலுத்திச் சுட்டுப் பெறுதல் என்னும் ஏற்பாட்டினால் சூளையில்லாத சிறியோரும் தொழில்முனைவோர் ஆக முடிந்தது.

இதிலிருந்து பெறும் முதற்பாடம்: நம் கை அறிந்த பகுதியை மட்டும் நம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பெருமுதல் வேண்டும் பகுதியை வாடகைக்கோ, கூட்டாகவோ பெற வேண்டும். தொழில் நிலைபெறுமுன் கடன்பட்டு இயந்திரம் வாங்குவது, விளக்கு விற்குமுன் சூளை கட்டுவதை ஒக்கும்.

2. எண்பது ரூபாயில் தொடங்கிய எழுவர்

இதே நெறியைப் பம்பாயிலும் காணலாம். 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் குஜராத்திப் பெண்மணிகள் எழுவர், எண்பது ரூபாய் கடன் பெற்று, தங்கள் குடியிருப்பின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அவர்க்கு வேறு தொழிற்கல்வி இல்லை. அடுக்களையில் கற்றதே மூலதனம். முதல் நாளில் ஆயத்தமானவை நான்கு பொட்டலங்களே. அதுவே லிஜ்ஜத் அப்பளம் என நாடறிந்த ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோகம். 1966-இல் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற இந்நிறுவனத்தில் பின்னாளில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராயினர். அதனைத் தொடங்கியவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதன் அமைப்பு கருதத்தக்கது. மாவு பிசைவது பொது நிலையத்தில். அப்பளம் இடுவது அவரவர் வீட்டில். உறுப்பினர் மாவைப் பெற்றுச் சென்று, இட்டு உலர்த்திய அப்பளத்தை மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெறுவர். மாவு ஓரிடத்தில் பிசையப்படுவதால் சுவை மாறுவதில்லை. விருத்தாசலத்தில் சூளை எப்படியோ, அங்கு மாவு அப்படி.

3. தன் உழைப்பைக் கணக்கில் எழுதுதல்

இரண்டாம் பாடம் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை, முறையே முக்கியம்.

ஒரு பெண்மணி ஆயிரம் அகல்விளக்குகள் வார்க்கிறார் எனக் கொள்வோம். மண் முதலியவற்றிற்கு 600 ரூபாய், சூளைக் கட்டணம் 500 ரூபாய், வண்டிச் செலவு 200 ரூபாய். ஆக 1300 ரூபாய். விளக்கு ஒன்று 2 ரூபாய் 50 காசு வீதம் 2500 ரூபாய் வரும். 1200 ரூபாய் இலாபம் என்று அவர் மகிழ்வார்.

ஆனால் உலரும்போது வெடித்தவை, சூளையில் கோணியவை என நூறு விளக்குகள் கழிந்தால் விற்பவை 900. வரவு 2250 ரூபாய். அச்சு பலமுறை வார்த்தபின் தேய்ந்துவிடும். அதன் தேய்மானம் 150 ரூபாய். இப்போது எஞ்சுவது 800 ரூபாய். இதற்கு அவர் உழைத்தது இருபது மணி நேரம் எனின், மணிக்கு 40 ரூபாய். இதே வேலைக்குப் பக்கத்துப் பட்டறையில் மணிக்கு 50 ரூபாய் கூலி கிடைக்குமாயின், அவர் ஈட்டியது இலாபமன்று. தம் கூலியிலேயே 200 ரூபாய் குறைந்துள்ளது.

கூலி 1000 ரூபாயையும் சேர்த்தால் மொத்த அடக்கம் 2450 ரூபாய். அதனை 900 விளக்குகளுக்குப் பகிர்ந்தால், ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 2 ரூபாய் 72 காசு. அதற்கு மேல் கிடைப்பதே இலாபம். “வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே” என்று தன் உழைப்பை எழுதாது விடுபவர், அறியாமலே தம் பொருளை நட்டத்திற்கு விற்கிறார். அவரைக் கண்டு அயலாரும் விலை குறைக்க நேரும். அதனால் அத்தொழிலில் உள்ள அனைவரும் நலிவர்.

4. தொடங்குமுன் செய்ய வேண்டியவை

அ) முதலில் சிறிதளவே செய்து, உறவினர் அல்லாதாரிடம் விற்றுப் பார்க்க வேண்டும். உறவினர் அன்பினால் வாங்குவர்; அயலார் பொருளின் தகுதி கண்டே வாங்குவர்.

ஆ) பருவம் அறிய வேண்டும். கார்த்திகைக்கு உரிய விளக்கைக் கார்த்திகையில் வார்க்கத் தொடங்குதல் பயன் தராது. மழைக்காலத்தில் மண் எளிதில் உலராது. கோடையிலேயே வார்த்துச் சேர்த்தல் நன்று.

இ) அளவு பிழையாதிருக்க வேண்டும். பீங்கான் உலர்ந்து சுடப்படும்போது சுருங்கும். ஆகவே அச்சைப் பெரிதாகவே செய்வர். எத்தொழிலிலும் இத்தகைய சுருக்கம் ஒன்றுண்டு. தையலில் துணி சுருங்கும், அப்பளத்தில் எடை குறையும். அதனை முன்னரே அளந்தறிந்தவர் வாக்குத் தவறார்.

ஈ) வீட்டுச் செலவும் தொழிற்செலவும் வெவ்வேறு ஏட்டில் எழுதப்பட வேண்டும்.

உ) 2020 சூலை முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவு சிறுதொழிலுக்கு உரியது, அதற்குக் கட்டணம் இல்லை. கடனுதவி, மானியம் பற்றிய செய்திகளை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறியலாம். உணவுப்பொருள் செய்வோர் உணவுப் பாதுகாப்புப் பதிவும் பெற வேண்டும்.

முடிவுரை

கைத்திறன் முன்னோரிடமிருந்தும் பழக்கத்தாலும் வருவது. அதை ஒருவர் புதிதாகத் தேட வேண்டுவதில்லை. தேட வேண்டியவை இரண்டு: பகிர்ந்துகொள்ளத் தக்க ஒரு பொதுச் சூளை, பிழையற்ற ஒரு கணக்கேடு. இவ்விரண்டும் அமைந்தால் கூலிக்கு வார்த்த கையே தனக்கென வார்க்கும்.

சிந்தனைக்கு:
1. உங்கள் இல்லத்தில் உள்ள திறன் யாது? அதற்குரிய ‘சூளை’ எது? அதனை யாருடன் பகிரலாம்?
2. கடைசியாக நீங்கள் செய்து விற்ற பொருளின் அடக்கவிலையில் உங்கள் உழைப்பு எழுதப்பட்டதா?