பழம்பொருள் பார்சல்: உடையாமல் ஊர் போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி நல்லதொரு பீங்கான் ஜாடியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, ஆள் கிடைத்து, பணமும் கணக்கில் ஏறிய பிறகுதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. ஜாடி இனி கோயம்புத்தூர் போயாக வேண்டும்.

புதுச் சாமான் விற்பவருக்கு ஒரு வசதி உண்டு. உடைந்தால் குடோனிலிருந்து இன்னொன்றை எடுத்து அனுப்பிவிடுவார். நம்மிடம் இன்னொன்று கிடையாது. பணத்தைத் திருப்பித் தரலாம், ஜாடியைத் தர முடியாது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு காரணத்தை வைத்துச் சொல்லப்படுபவைதான். சில இடங்களில் ‘இவ்வளவு தேவையா?’ என்று தோன்றும். தேவைதான்.

படி 1: விலை சொல்லும் முன் எடை போடுங்கள்

படம் போடும் அன்றே பொருளை எடை போட்டு, அளந்து, எந்தப் பெட்டியில் போகும் என்று முடிவு செய்துவிடுங்கள். “கூரியர் சார்ஜ் எவ்வளவு ஆகும்?” என்று கேட்பவரிடம் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வதில்தான் புதியவர்களின் லாபம் கரைகிறது. ஒரு சமையலறைத் தராசும், பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசும், ஒரு இஞ்சு டேப்பும் போதும்.

தராசு காட்டும் எடைக்கு மட்டும்தான் கட்டணம் என்று நினைக்காதீர்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோவில் ஒரு எண் வரும். வால்யூமெட்ரிக் வெயிட் என்பது இதுதான். இதுவா, தராசு எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். இரண்டு கிலோகூட இல்லாத ஒரு கண்ணாடி விளக்குக் குடையை 45 × 45 × 40 செ.மீ. பெட்டியில் வைத்தால் 16.2 கிலோவுக்குக் கட்ட வேண்டிவரும். அதே குடை 35 × 35 × 30 பெட்டியில் அடங்கினால் 7.35 கிலோ. கையில் கிடைத்த பெட்டியில் போட்டு அனுப்பும் பழக்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பெட்டி, பபிள் ஷீட், டேப், கடைக்குப் போய்வரும் ஆட்டோ எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும் செலவைச் சொல்லுங்கள். ‘பேக்கிங் இலவசம்’ என்று எழுதினால் இரண்டு மாதத்தில் நீங்களே பேக்கிங்கில் கஞ்சத்தனம் பண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.

படி 2: பேக் செய்யும் முன் பொருளைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் அதற்குத் தனியாகக் கிட்டத்தில் ஒரு படம். பணம் வாங்கும் முன்னரே அதை வாங்குபவருக்கு அனுப்பி, “இந்த இடத்தில் இப்படி இருக்கிறது, பரவாயில்லையா?” என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பார்சல் போய்ச் சேர்ந்த பின் வரும் சண்டைகளில் பாதி, முன்னாலேயே இருந்த கீறலைப் பற்றியவை.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். ஜாடிக்கு மூடி, சுவர்க் கடிகாரத்துக்குப் பெண்டுலமும் சாவியும், அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி. ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்ற வேண்டும். பெண்டுலத்தை மாட்டியபடியே அனுப்பினால் அது வழி நெடுக ஆடி உள்ளே இருப்பதை எல்லாம் கெடுத்துவிடும். விளக்கில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. திரியையும் எடுத்து, காயவைத்துத்தான் அனுப்ப வேண்டும். கேமரா, டிரான்சிஸ்டர் எதுவானாலும் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பத் தோன்றும். கேட்காமல் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் பலருக்கு அந்தக் கறுப்பேறிய மெருகுதான் வேண்டும். அவர்களே தேய்த்துத் தரச் சொன்னால், ஒரு நாள் முழுக்க உலரவிட்டுச் சுற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றினால் போய்ச் சேர்வதற்குள் திட்டுத் திட்டாகக் களிம்பு பிடித்துவிடும்.

படி 3: பெட்டியும் அடைப்பும்

அட்டைப்பெட்டிக் கடையில் 3 பிளை, 5 பிளை, 7 பிளை என்று கேட்டு வாங்கலாம். துணிமணி, காகிதத்துக்கு 3 பிளை போதும். உடையும் பொருளுக்கு 5 பிளைக்குக் கீழே போக வேண்டாம். கனமான பித்தளை அண்டாவுக்கு 7 பிளை. பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவதில் தப்பில்லை. ஆனால் மூலை நைந்திருந்தாலோ, ஒரு முறை மழையில் நனைந்து காய்ந்திருந்தாலோ அதன் பலம் போய்விட்டது என்று பொருள்.

உங்கள் பார்சல் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறையாவது கீழே விழும், அதன்மேல் இருபது கிலோ மூட்டை ஒன்று ஏறும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை வேண்டும். பீங்கான், கண்ணாடி என்றால் இரண்டு பெட்டி. உள்ளே ஒன்று, அதைச் சுற்றி மெத்தை, வெளியே இன்னொன்று. மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தப் பார்சலும் வீட்டை விட்டுப் போகக் கூடாது.

செய்தித்தாளைக் கசக்கி இடைவெளியை அடைக்கலாம், ஆனால் பொருளின்மேல் நேராகச் சுற்றக் கூடாது. வெள்ளை எனாமலிலும் பீங்கானிலும் மை ஒட்டும். முதல் சுற்று வெள்ளைத் தாளாக இருக்கட்டும், அதன்மேல் பபிள் ஷீட். பானைக் கடைக்காரர்களைப் பார்த்து வைக்கோல் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டு வண்டிக் காலத்துக்கு அது அருமையான ஏற்பாடு. இன்றைக்கு ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்து அனுப்பும் வழி அது. வெளிநாட்டுப் பார்சல் என்றால் சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

டேப் விஷயத்தில் பிரவுன் டேப்தான், செல்லோ டேப் வேண்டாம். நடுச் சேர்க்கையிலும் இரண்டு ஓரங்களிலும் ஒட்டினால் போதும். பெட்டி முழுக்கச் சுற்றித் தள்ளினால் பிரிப்பவர் கத்தியை உள்ளே இறக்குவார், கத்தி நேராகப் பொருளில்தான் போய் முட்டும்.

படி 4: பொருளுக்குப் பொருள் வேறு வேறு வித்தை

இசைத்தட்டு. இதில் இரண்டு ஜாதி. 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, கிட்டத்தட்ட 25 செ.மீ. விட்டம், தட்டினால் உடையும். எல்பி என்பது 30 செ.மீ. வினைல், உடைவது அபூர்வம், ஆனால் வளையும். ஆகவே 78-ஐ அனுப்பும்போது அதிர்ச்சிக்குப் பயப்பட வேண்டும், எல்பியை அனுப்பும்போது வெயிலுக்கு. 78 தட்டைத் தாள் உறையில் போட்டு, இருபுறமும் தட்டைவிடப் பெரிய, விறைப்பான அட்டை வைத்து, ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டி, பெட்டியின் நடுவில் எந்தச் சுவரிலும் படாமல் மெத்தைக்குள் மிதக்கவிட வேண்டும். எல்பிக்கு ஒரு முக்கியமான வழக்கம்: தட்டை அட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டை உறைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் விழும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இளையராஜா பட எல்பிக்கு வரும் விலையில் உறைக்கும் பெரிய பங்கு உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் எல்பியை வெள்ளி, சனிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க மூடிய வண்டிக்குள் கிடக்கும். திங்கட்கிழமை அனுப்புங்கள்.

பீங்கான் ஜாடி. உள்ளே வெற்றிடமாக விடாதீர்கள், கசக்கிய தாளை இறுக்கமில்லாமல் நிரப்புங்கள். காதுகளும் வாய் விளிம்பும்தான் முதலில் போகும் என்பதால் அங்கே தாளை முறுக்கிச் சுற்றி, உடலின் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே பபிள் ஷீட்.

பித்தளை, செம்பு. உடையாது என்ற தைரியத்தில் சாக்கில் கட்டி அனுப்புகிறார்கள். உடையாதுதான், நசுங்கும். மெல்லிய பழைய செம்பின் விளிம்பு ஒரு முறை நசுங்கினால் தட்டி எடுத்தாலும் தடம் போகாது. ஒரே பெட்டியில் பித்தளையையும் பீங்கானையும் சேர்த்து அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சட்டம் போட்ட படம். ரவிவர்மா அச்சகத்துப் படம் போன்றவற்றில் மதிப்பு தாளில் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. வாங்குபவர் சம்மதித்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே அனுப்புங்கள், ஊரில் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும். கண்ணாடியோடுதான் வேண்டும் என்றால் அதன்மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் டேப்பிலேயே நிற்கும், படத்தைக் கீறாது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் வேறு கதை. அதில் வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கிறது. பின்புறத்தில் எதையும் ஒட்டவே கூடாது.

பழைய பத்திரிகை, பாட்டுப் புத்தகம், தீபாவளி மலர். பிளாஸ்டிக் உறை, இருபுறமும் அட்டை, அவ்வளவுதான். டேப் தாளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டாவது பிளாஸ்டிக் உறையும் அவசியம்.

படி 5: எதில் அனுப்புவது?

ஐந்தாறு கிலோ வரைக்கும் நான் ஸ்பீட் போஸ்ட்டைத்தான் சொல்வேன். எந்தக் குக்கிராமத்துக்கும் போகும், தபால்காரருக்கு ஆளைத் தெரியும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. பெறுபவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் கவுன்ட்டரில் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓடிபி சொன்னால் மட்டும் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. இரண்டுக்கும் கூடுதல் கட்டணம் சொற்பம்தான். விலை உயர்ந்த பொருளுக்குக் காப்பீடும் கேளுங்கள். இல்லாமல் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீட்டுக்கு ஆயிரம் ரூபாய்தான் உச்சவரம்பு.

தனியார் கூரியர் நகரத்துக்கு நகரம் வேகம். ஆனால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு அனுப்புங்கள், அவர்களின் பொறுப்பு எவ்வளவு வரை என்று அங்கேதான் இருக்கும். அண்டா, மரத்தூண், ஊஞ்சல் பலகை போன்றவற்றுக்கு லாரி சர்வீஸ்தான். ‘டூ பே’ என்று போட்டால் பொருளை எடுப்பவர் வாடகை கட்டுவார், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். குடோன் டெலிவரியா, வீட்டுக்கே வருமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். லாரி சர்வீஸ் தரும் எல்.ஆர். ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று இருந்தால், வழியில் ஏதாவது ஆனால் அது உங்கள் தலையில்.

படி 6: விலாசம்

வாங்குபவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே நகல் எடுக்காமல் பின்கோடைச் சரிபாருங்கள். சென்னை என்று எழுதிவிட்டு எண் 641-இல் தொடங்கினால் அது கோவைப் பக்கம். சென்னைக்கு 600, மதுரைக்கு 625. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் முதல் எண் 6. கைபேசி எண்ணும் அடையாளமாக ஒரு கடையோ கோயிலோ கட்டாயம் இருக்க வேண்டும். விலாசத் தாளின்மேல் கண்ணாடி டேப் ஒட்டினால் மழையில் மை ஓடாது. உள்ளேயும் அனுப்புநர், பெறுநர் விலாசம் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள், வெளிச்சீட்டு கிழிந்தாலும் பெட்டி அநாதையாகாது. ‘உடையும் பொருள்’ என்று சிவப்பில் எழுதுங்கள், ஆனால் அதை நம்பி ஒரு சுற்று பபிள் ஷீட்டைக் குறைக்காதீர்கள்.

படி 7: மாநிலம் தாண்டியும் கடல் தாண்டியும்

வரிக்கு உட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை என்பது பொது விதி. பெங்களூருக்கு முதல் பார்சல் கட்டும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாடு என்றால் வயதுதான் முதல் கேள்வி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, சிலை, ஓவியம், நாணயம் போன்றவை நூறு ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் தொல்பொருள். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1894-இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் ஆரம்ப காலப் படங்கள் இந்த வயதைத் தாண்டிவிட்டன என்பதை மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். யானைத் தந்தம், மான் கொம்பு பற்றி ஒரே வரி: பக்கத்துத் தெருவுக்கு விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பாட்டன் காலத்தது என்பது காரணமாகாது.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு: 800 டாலர் வரையிலான சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்துவிட்டது. வரி உண்டு என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி வாங்குபவரே கெஞ்சினாலும் எழுதாதீர்கள். தொலைந்தால் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு.

படி 8: அனுப்பிய பிறகு

ரசீதைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். கூடவே, “பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி. நீங்கள் பேக் செய்ததையும் வீடியோ எடுத்து, பொருள் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாவது வைத்திருங்கள். டிராக்கிங்கில் இரண்டு நாள் அசைவில்லை என்றால் வாங்குபவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உடைந்தே போய்விட்டது என்று செய்தி வந்தால், வெளிப்பெட்டி, உள்பெட்டி, அடைப்பு, துண்டுகள் நான்கையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். எதையும் குப்பையில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பெட்டி இல்லாமல் புகார் நிற்காது. அன்றே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் இழப்பீட்டுக்கு அலைவது வாங்கியவரின் பிரச்சினை அல்ல. உடைந்ததை ஒட்டவைத்து வைத்துக்கொள்கிறேன், பாதி விலை தருகிறேன் என்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சைப் பணம் அவர் கணக்குக்குப் போன பிறகு, புகாரும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.