மணலில் பிறந்த புட்டி

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லை வங்கக் கடலாகும். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களின் கரைகளில் மணல் பரந்து கிடக்கின்றது. நாம் மருந்தும் பழச்சாறும் நிரப்பி வைக்கும் கண்ணாடிப் புட்டியும் மணலிலிருந்து பிறந்ததே என்றால், அது வியப்பன்றோ?

ஆயினும், எல்லா மணலும் கண்ணாடிக்கு ஏற்றதன்று. மாமல்லபுரக் கரையில் ஒரு பிடி மணலை அள்ளிக் கூர்ந்து நோக்கினால், வெளிய மணிகளுக்கிடையே கரிய மணிகளும் கலந்திருக்கக் காணலாம். அவற்றுட் பல இரும்புச் சத்து உடையவை. இரும்பு கலந்த கண்ணாடி பச்சை நிறம் பெறும். ஆகையால், தெளிந்த கண்ணாடி செய்வோர், இரும்பு மிகக் குறைந்த வெண்மணலையே தேர்ந்தெடுப்பர்.

இவ்வெண்மணல் சிலிக்கா எனப்படும். அது தனித்து உருகுவதற்கு ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாச் சாம்பலைச் சேர்த்தால் அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆனால், சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரிற் கரையும் இயல்பினது. அக்குறையைப் போக்கச் சுண்ணாம்புக் கல்லையும் சேர்ப்பர். இம்மூன்றும் ஏறத்தாழ 1,500 பாகை வெப்பமுள்ள உலையில் உருகித் தேன் போன்ற குழம்பாகும்.

முற்காலத்தில் தொழிலாளர் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் அக்குழம்பை எடுத்து, வாயால் ஊதிப் புட்டி செய்தனர். 1903-ஆம் ஆண்டில், அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் என்பார் தானே இயங்கும் புட்டிப் பொறியை அமைத்தார். இக்காலப் பொறி, குழம்பைத் துண்டு துண்டாக வெட்டி அச்சில் இடுகின்றது. முதல் அச்சில் புட்டியின் வாயும் கழுத்தும் உருவாகும். இரண்டாம் அச்சில் காற்றைச் செலுத்த, முழு வடிவமும் அமையும். சூடான புட்டி விரைந்து குளிர்ந்தால் ஒருசீராகச் சுருங்காமல் வெடித்துவிடும். எனவே, அதனை நீண்ட வெப்ப அறையின் வழியே செலுத்தி மெல்ல மெல்ல ஆற்றுவர்.

இவ்வாறு பிறந்த கண்ணாடி எளிதில் உடையும், ஆனால் மட்குவதில்லை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், 1945-ஆம் ஆண்டில் வீலர் என்னும் அறிஞர் அகழாய்வு நடத்தினார். அவ்வூரில் கிடைத்த கண்ணாடி மணிகள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் அழியவில்லை.

மட்காத இப்பொருளைக் கடற்கரையில் எறிவது பெருந்தீங்காகும். மணலில் மறைந்த சில்லுகள், வெறுங்காலுடன் கரைவலை இழுக்கும் மீனவரின் கால்களைக் கிழிக்கும். அச்சில்லுகளையே சேர்த்து உலைக்கு அனுப்பினால், அவை புது மணலைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி, மீண்டும் நல்ல புட்டியாகும். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குன்றுவதில்லை. மணலும் எரிபொருளும் மிஞ்சும். ஆதலின், வெறும் புட்டியைக் குப்பையென்று கருதாமல், பழம்பொருள் கொள்வோரிடம் சேர்ப்பித்தல் நம் கடமையாகும்.