வணிகருக்கு ஆங்கிலம்: "டு" செய்யும் வேலை

உங்கள் கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தோடு ஓர் ஆங்கில வாக்கியம் அச்சிடப்பட்டிருக்கும்: "ஐ பிராமிஸ் டு பே த பேரர் த சம் ஆஃப் ஒன் ஹண்ட்ரட் ருபீஸ்." இதைக் கொண்டு வருபவருக்கு நூறு ரூபாய் தர உறுதி கூறுகிறேன் என்பது பொருள். (ஒரு ரூபாய் நோட்டில் இந்த வாக்கியம் இராது. அதை வெளியிடுவது மத்திய அரசு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து.)

இந்த வாக்கியத்தில் "பிராமிஸ்", "பே" என்று இரண்டு வினைகள். இரண்டையும் இணைப்பது "டு". இது நமக்குப் புதிய சங்கதியல்ல. பள்ளியில் செயவென் எச்சம் என்று படித்தோமே, "தர", "அனுப்ப", "இறக்க" என்று, அது செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் "டு பே", "டு ஸப்ளை", "டு அன்லோட்" என்பவை செய்கின்றன. தமிழில் "செலுத்த ஒப்புக்கொண்டோம்" என்று எச்சம் முன்னால் வரும். ஆங்கிலத்தில் "வீ அக்ரீட் டு பே" என்று பின்னால் வரும். அவ்வளவுதான் வேறுபாடு.

இதில் நாம் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நடந்துபோன சங்கதி என்பதால் "வீ அக்ரீட் டு பெய்டு" என்று எழுதிவிடுகிறோம். காலம் முதல் வினையோடு முடிந்துவிட்டது. "டு"வுக்குப் பின்னால் வரும் வினை எக்காலத்திலும் மாறாது. "செலுத்த" என்ற சொல் தமிழில் மாறுகிறதா? அதுபோலத்தான்.

அக்ரீ, பிராமிஸ், ஆஃபர், டிசைட், ரெஃப்யூஸ், ஃபெயில் ஆகியவை "டு" கேட்கும் வினைகளில் நம் தொழிலுக்கு வேண்டியவை. இவற்றுள் "பிராமிஸ்", "ஃபெயில்" இரண்டையும் இலக்கணமாக மட்டும் படித்தால் போதாது.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 4-ஆம் பிரிவில், எது புரோநோட்டு, எது இல்லை என்று உதாரணங்கள் தருகிறது. இன்னாருக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ 500 ரூபாய் "பிராமிஸ் டு பே" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புரோநோட்டு. வெறுமனே "ஐ.ஓ.யூ. 1,000 ரூபாய்" என்று எழுதிய சீட்டு புரோநோட்டு ஆகாது. காரணம், அதில் கடன் இருக்கிறது என்ற ஒப்புதல்தான் உண்டு. தருகிறேன் என்ற உறுதி இல்லை. கடன் பட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, அதோடு "டு பி பெய்டு ஆன் டிமாண்ட்", அதாவது கேட்டவுடன் தரப்படவேண்டியது என்று சேர்த்து எழுதினால், அதையும் சட்டம் புரோநோட்டாக ஏற்கிறது. பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் துண்டுச் சீட்டு எழுதி வாங்கும்போது இந்த ஐந்து சொற்களுக்கு உள்ள மதிப்பை எண்ணிப் பாருங்கள். ஆனால் ரூபாய் நோட்டைப் பார்த்து "பேரர்" என்ற சொல்லையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். கொண்டு வருபவருக்குத் தருவதாகத் தனியார் புரோநோட்டு எழுத 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 31-ஆம் பிரிவு இடம் தரவில்லை. வாங்கவேண்டியவரின் பெயரை எழுதவேண்டும்.

"ஃபெயில் டு" என்றால் செய்யத் தவறுதல். செக் திரும்பினால் நாம் நாடும் 138-ஆம் பிரிவிலும் இது வருகிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நாம் எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். அதைப் பெற்ற 15 நாட்களுக்குள் செக் கொடுத்தவர் "ஃபெயில்ஸ் டு மேக் த பேமென்ட்", பணம் செலுத்தத் தவறினால்தான், வழக்குக்கு வழி பிறக்கிறது. நோட்டீஸில் "ஃபெயில்டு இன் பேமென்ட்" என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இல்லை. "ஃபெயில்டு டு பே" என்பதே நேரானது.

அடுத்தது, நடுவில் ஆள் வரும் அமைப்பு. "வீ வாண்ட் டு பே த லாரி ஃப்ரெய்ட்" என்றால் லாரி வாடகை நம் தலையில். "வீ வாண்ட் யூ டு பே த லாரி ஃப்ரெய்ட்" என்றால் அவர் தலையில். ஒரே ஒரு "யூ" வாடகையை இடம் மாற்றிவிடுகிறது. உடைந்த மூட்டைகளை மாற்றித் தரும்படி மொத்த வியாபாரிக்கு எழுதும்போதும் "வீ ரிக்வெஸ்ட் யூ டு ரீப்ளேஸ்" என்று எழுதவேண்டும். "வாண்ட் தட் யூ" என்பது நம் "நீங்கள் வேண்டும் என்று" என்பதன் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் அது செல்லாது.

"நாட்" நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். "வீ அக்ரீட் நாட் டு ரைஸ் த ப்ரைஸ்" என்றால் விலை ஏற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம். "வீ டிட் நாட் அக்ரீ டு ரைஸ் த ப்ரைஸ்" என்றால் விலை ஏற்ற நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னது வாக்கு. பின்னது வெறும் மறுப்பு. அதை வைத்து எதிர்த் தரப்பை எதற்கும் பிடிக்க முடியாது.

மிகவும் ஏமாற்றுவது "ஸ்டாப்". "த லாரி ஸ்டாப்ட் டு அன்லோட்" என்றால் சரக்கு இறக்குவதற்காக லாரி நின்றது. "தே ஸ்டாப்ட் அன்லோடிங்" என்றால் இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் விலை இறங்கும்வரை டின் அனுப்பவேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் "ப்ளீஸ் ஸ்டாப் டு ஸப்ளை" என்று எழுதினால் வேறு பொருள் தரும். "ப்ளீஸ் ஸ்டாப் ஸப்ளையிங்" என்பதே சரி. "ரிமெம்பர்" என்ற சொல்லும் இந்த இனம்தான். "ஐ ரிமெம்பர் பேயிங்" என்பவர் பணம் கொடுத்த நினைவைச் சொல்கிறார். "ஐ மஸ்ட் ரிமெம்பர் டு பே" என்பவர் இனிமேல்தான் கொடுக்கவேண்டும். பாக்கிக் கணக்குத் தகராறில் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

கடிதத்தின் கடைசி வரியில் வரும் "லுக்கிங் ஃபார்வர்ட் டு" மட்டும் தனி ரகம். அங்குள்ள "டு" எச்சத்தின் "டு" அன்று. நம் "க்கு" வேற்றுமை போன்றது. ஆகவே "லுக்கிங் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் ஆர்டர்" என்று எழுதுங்கள். "டு ரிசீவ்" என்று அங்கே எழுதவேண்டாம்.