பன்றி வளர்த்த கழுகு

வெளியிலிருந்து வந்து பெருகும் பிராணி பயிரை அழிக்கும் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் அது வேட்டைப் பறவையின் உணவை மாற்றி, அதன் வாயிலாகத் தனக்குப் பகையல்லாத மூன்றாவது உயிரையும் அழிக்கக்கூடும். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாண்டா குரூஸ் தீவில் இது நிகழ்ந்தது.

அத்தீவில் பூனையளவேயான ஒரு நரியினம் உண்டு. எடை சுமார் 2 கிலோ. தன்னை வேட்டையாடும் விலங்கு இல்லாமையால் அது பகலிலும் அச்சமின்றித் திரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியோர் கொண்டுவந்த பன்றிகள் காட்டில் புகுந்து பெருகின. அப்போதும் நரிக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. கரையில் மீன் தின்று வாழ்ந்த வெண்தலைக் கழுகுகள் பிற கழுகுகளை அண்டவிடவில்லை என்று கருதப்படுகிறது. பின்னர் டி.டி.டி. நஞ்சு கடலில் கலந்து, மீன் வழியே அவற்றின் உடலில் சேர்ந்து, முட்டை ஓடுகளை மெலியச் செய்தது. 1960களுக்குள் அவை அங்கிருந்து மறைந்தன.

1990களில் பெருநிலத்திலிருந்து பொன்னிறக் கழுகுகள் வந்தன. முன்பெல்லாம் அவை தங்கிக் குஞ்சு பொரிக்கப் போதிய இரை அங்கில்லை. இப்போதோ பன்றிக்குட்டிகள் ஏராளம். பன்றிதான் கழுகுக்குச் சோறு. நரி வெறும் தொடுகறி. எனினும் பன்றி விரைவில் பெருகி இழப்பை ஈடுகட்டும். ஆண்டுக்கு ஒருமுறையே குட்டி போடும் நரிக்கு அது இயலாது. சுமார் 1,500 ஆக இருந்த நரிகள் சில ஆண்டுகளில் 100க்கும் கீழே குறைந்தன.

மூலகாரணம் பன்றியே ஆதலால் முதலில் அதையே ஒழிக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றும். அவ்வாறு செய்திருப்பின், சோற்றை இழந்த கழுகுகள் எஞ்சிய நரிகளைத் தின்று தீர்த்திருக்கும்! ஆகவே 1999 முதல் கழுகுகளை உயிருடன் பிடித்துப் பெருநிலத்தில் விட்டனர்; மொத்தம் 40க்கு மேல். நரிகளைக் கூண்டில் காத்து இனப்பெருக்கம் செய்வித்தனர். 2002இல் வெண்தலைக் கழுகின் குஞ்சுகளைக் கொணர்ந்து விடத் தொடங்கினர். கழுகுகளிற் பெரும்பாலானவை அகன்றபின், 2005இல்தான் பன்றி வேட்டை தொடங்கியது. 5,000க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. அவ்வெதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பன்றி தானாக அங்கே வரவில்லையே.

2006இல் வெண்தலைக் கழுகின் முட்டை மனித உதவியின்றி அத்தீவில் பொரிந்தது. 2016இல் அந்நரி அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.