எழுபது புள்ளிகளும் ஆங்கிலத் தேர்வும்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங்கை ஆங்கில வழியில் படித்தவர் பிரிட்டன் பணி விசாவுக்குத் தனியே ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா? புள்ளிகள் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன?
- வாசகர், திருமழபாடி, அரியலூர் மாவட்டம்

பதில்: 2020 டிசம்பரில் தொடங்கிய திறன்மிகு பணியாளர் விசாவுக்கு 70 புள்ளிகள் தேவை. அரசு உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கும் பணியமர்த்தல் சான்றுக்கு 20, உரிய தகுதிநிலைப் பணிக்கு 20, ஊதியத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10 எனப் பகுக்கப்பட்டுள்ளதால், ஒன்றில் குறைவதை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது.

ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் ஆறு படிகளில் மூன்றாவதான பி1 முன்பு போதுமானதாக இருந்தது. 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்கு நான்காவதான பி2 கட்டாயம். ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசப்படும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாமையால், ஆங்கிலவழிப் பட்டத்தைக் காட்டுவோர் எக்டிஸ் என்னும் மதிப்பீட்டு அமைப்பின் உறுதிச்சான்றையும் இணைக்க வேண்டும்.

செவிலியர் நிலை வேறு. அவர்களைப் பதிவுசெய்யும் செவிலியர், பேறுகாலச் செவிலியர் மன்றத்துக்கு அப்பட்டம் மட்டும் போதாது, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப் பிரிவுக்கு 6.5, ஏனைய மூன்றுக்கும் தலா 7 பெறுவதோ, மருத்துவத் துறையினருக்குரிய ஓ.இ.டி. தேர்வில் தேறுவதோ வழக்கமான வழியாகும். மன்றம் ஏற்ற தேர்வில் தேறியவர் விசாவுக்கென மீண்டும் தேர்வெழுத வேண்டியதில்லை.

தேர்வைவிட அஞ்சத்தக்கது முகவர்களின் பணவேட்டையே. இங்கிலாந்தின் பணியமர்த்தல் நெறிமுறை செவிலியரிடம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. ஆகவே, பணியமர்த்தல் சான்றுக்கு விலை பேசும் எவரையும் நம்பி நிலத்தை அடகு வைக்கலாகாது.